கரி வடிகட்டியை மாற்றுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குமுளியில் இருக்கிறீர்கள். வண்டி 2021 மாடல், 1.5 லிட்டர் டீசல், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போய்வரத்தான் அது பயன்படுகிறது. ஒரு வழிக்கு 4 கிலோமீட்டர். கார்த்திகையில், புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டு வாரத்தில் இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது. இப்போது மேட்டில் வண்டி இழுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் வடிகட்டியையே மாற்ற வேண்டும் என்று லட்ச ரூபாய்க்கு மேல் கணக்குச் சொல்லிவிட்டார்கள். இன்னொருவர், உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டால் பிரச்சினையே இருக்காது என்கிறார். நண்பரின் ஸ்கேனரில் பி 2463, பி 0128 என்று இரண்டு பழுது எண்கள் வந்தன. வீட்டில் வைத்தே ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எல்லோரும் பி 2463ஐப் பிடித்துக்கொண்டார்கள். வடிகட்டியில் கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். பக்கத்தில் இருந்த பி 0128ஐ யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்ஜின் தண்ணீர் உரிய சூட்டுக்கு வரவில்லை என்று அது சொல்கிறது. என் கணிப்பில் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

டிபிஎஃப் என்ற வடிகட்டியை வீட்டுக் குப்பைத் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்துவிட்டது என்று வண்டி சொல்கிறது. புதுத் தொட்டி வாங்குங்கள் என்று சர்வீஸ் சென்டர் சொல்கிறது. இவ்வளவு குப்பையை யார் போடுகிறார்கள், அள்ளிப்போக வேண்டிய ஆள் ஏன் வரவில்லை என்ற இரண்டு கேள்விகளை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் மாற்றினால் புது வடிகட்டியும் அடுத்த கார்த்திகைக்குள் அடைத்துக்கொள்ளும். அப்படி இரண்டாவது முறை அடைத்த வண்டிகள் மலைக்குக் கீழே கம்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அந்த உரிமையாளர்களின் முகம் நினைவில் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குப்பை எப்படி அள்ளப்படுகிறது என்று பார்ப்போம். டீசல் எரியும்போது வரும் கரித்துகள் வடிகட்டியின் நுண்ணிய சுவர்களில் படிகிறது. மேட்டில் பாரம் இழுக்கும்போது புகையின் சூடு 350 டிகிரியை ஒட்டி ஏறும். அப்போது கரியில் ஒரு பகுதி தானாகவே மெல்லக் கரைந்துபோகும். அது போதாதபோது இன்ஜினின் கணினி, எரிப்பு முடிந்த பிறகும் கொஞ்சம் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் சூட்டை ஏறக்குறைய 600 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கரியை எரித்துவிடும். இதற்குப் பத்து நிமிடம் முதல் இருபத்தைந்து நிமிடம் வரை வண்டி ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஐட்லிங் சற்று ஏறியிருக்கும், மைலேஜ் காட்டும் எண் திடீரென்று சரியும், நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி சுற்றும், சுட்ட இரும்பின் வாடை வரும். உங்கள் மனைவி எப்போதாவது இந்த வாடையைச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பி அணைத்த ஒவ்வொரு முறையும் அந்த எரிப்பு பாதியில் நின்றிருக்கும்.

எரிப்பைத் தொடங்குவதற்குக் கணினி சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. இன்ஜின் தண்ணீர் சூடாகியிருக்க வேண்டும். பல வண்டிகளில் டேங்கில் டீசல் குறைந்தபட்சம் கால் பங்காவது இருக்க வேண்டும். ஈஜிஆர் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வால்வு), சூட்டு சென்சார் போன்றவற்றில் வேறு பழுது எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் டீசல் போட்டு ஓட்டுகிறவர்களின் வண்டி சீக்கிரம் அடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பி 0128க்கு வருவோம். தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் ஓட்டத்துக்கு நடுவே இருக்கும் சிறிய கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருந்து, 80, 85 டிகிரி வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் முதல் நிமிடத்திலிருந்தே ரேடியேட்டர் தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும். கம்பத்து வெயிலில் அந்த வண்டி தட்டுத்தடுமாறியாவது 80ஐத் தொட்டுவிடும். 900 மீட்டர் உயரத்தில், பனியும் சாரலுமாக இருக்கும் குமுளியில், 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் தொடவே தொடாது. இன்ஜின் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று நினைக்கும் கணினி கூடுதலாக டீசல் தருகிறது, கரி கூடுகிறது. எரிப்புக்கும் அனுமதி தருவதில்லை. குப்பை போடுகிறவனும் கூடிவிட்டான், அள்ளுகிறவனும் வரவில்லை.

இதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் மூடியைத் திறந்து கூலன்ட், அதாவது இன்ஜின் தண்ணீரின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலும் பி 0128 வரும். அளவு சரியாக இருந்தால் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப்பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். பழுதானது என்றால் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பாக, இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறும். விசிறி எந்த நேரமும் சுற்றத் தொடங்கலாம் என்பதால் துண்டு, சால்வை, சேலை முனை எதுவும் அந்தப் பக்கம் தொங்கக் கூடாது. இன்னொரு சோதனை ஓட்டத்தில்: செல்போனில் தண்ணீர்ச் சூட்டைக் காட்டவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, லோயர் கேம்ப் இறக்கத்தில் இறங்குங்கள். இறங்க இறங்க அந்த எண் 80இலிருந்து 65, 60 என்று சரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

செல்போனில் பார்க்க, வண்டியின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட செருகுவாய் இருக்கும். அதில் செருகி புளூடூத் வழியாகச் செல்போனோடு இணைப்பது. ஈஎல்எம் 327 வகைக் கருவியும், டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற செயலியும் போதும். மிக மலிவான போலிக் கருவிகள் நடுவழியில் இணைப்பை அறுத்துவிடும். கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாக வாங்குங்கள். வடிகட்டி சம்பந்தமான எண்களைப் பொதுவான பட்டியலில் பல வண்டிகள் காட்டாது. செயலியில் உங்கள் வண்டியின் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால்தான் கரி அளவு, அழுத்த வேறுபாடு, கடைசி எரிப்பிலிருந்து ஓடிய தூரம் எல்லாம் வரும்.

தயவுசெய்து பழுது எண்களை உடனே அழித்துவிடாதீர்கள். பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். பழுது பதிவான அந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில் இருந்தது, தண்ணீர் எத்தனை டிகிரி, இன்ஜின் எத்தனை சுற்று என்று கணினி ஒரு படம்போல எடுத்து வைத்திருக்கும். செயலியில் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியில் அதைக் காணலாம். அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் வண்டியில் அந்தப் படத்தில் தண்ணீர்ச் சூடு அறுபதுகளில் இருந்தால், நான் மேலே சொன்னதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்தது, காசே செலவில்லாத சோதனை. நான் மிகவும் நம்புவதும் இதைத்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து எல்லா எண்களையும் படியுங்கள். தண்ணீர், உள்ளே இழுக்கும் காற்று, புகைக்குழாயில் உள்ள சூட்டு சென்சார்கள் எல்லாம் விடியற்காலைக் குளிரை ஒட்டி, சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். எல்லாம் 16, 18 என்று காட்ட, ஒன்று மட்டும் 70 என்று நின்றால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. பொய் சொல்லும் சென்சாரை வைத்துக்கொண்டு கணினி வடிகட்டியைச் சுடவைக்காது.

அதே நேரத்தில் காற்றழுத்தத்தையும் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது இன்டேக் அழுத்தம் காட்டும் எண்ணும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். குமுளி உயரத்தில் அது 91 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். கம்பத்தில் 96ஐ ஒட்டி. இணையத்தில் எல்லோரும் 100, 101 என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு சென்சார் போய்விட்டது என்று மலைக்காரர்கள் பயப்பட வேண்டாம். மலையில் காற்று மெல்லியது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, அழுத்த வேறுபாடு. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிட்டுத்தான் கரி எவ்வளவு என்று கணினி கணக்குப் போடுகிறது. இன்ஜின் ஓடாதபோது புகையே இல்லை. ஆகவே அது பூஜ்யமாக அல்லது அதற்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். ஓடாத வண்டியில் 30, 40 மில்லிபார் காட்டினால் வடிகட்டி நிறையவில்லை, சென்சார் நகர்ந்துவிட்டது. ஐட்லிங்கில் நல்ல வடிகட்டி சில மில்லிபாருக்கு மேல் காட்டாது. மெல்ல ஆக்ஸிலரேட்டரை அழுத்தி 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் எண் கூட வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் நின்றால் சென்சாருக்குப் போகும் ஹோஸ் அடைத்திருக்கும் அல்லது கழன்றிருக்கும்.

இந்த ஹோஸ் விஷயத்தில் ஓர் அனுபவம். வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். பி 2002 என்று எண், அதாவது வடிகட்டி சரியாக வடிகட்டவில்லை. உள்ளே உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்களாம். நான் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஆறிய சைலன்சர் வாயின் உட்புறத்தைத் துடைத்தேன். துணியில் லேசான சாம்பல் நிறம், கரியே இல்லை. வடிகட்டி உடைந்த வண்டியில் அந்தத் துணி அடுப்புக்கரிபோல் கறுத்திருக்க வேண்டும். எண் ஒன்று சொல்கிறது, துணி வேறொன்று சொல்கிறது என்றால் நான் துணியைத்தான் நம்புவேன். வண்டிக்கு அடியில் பார்த்தால், வடிகட்டிக்கு முன்பக்கத்திலிருந்து சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸை எலி கடித்திருந்தது. அழுத்தம் வழியிலேயே கசிந்துவிட, உள்ளே தடையே இல்லை, ஆகவே வடிகட்டியே இல்லை என்று கணினி முடிவுக்கு வந்திருக்கிறது. ஒரு முழம் சூடு தாங்கும் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போட்டு அனுப்பினேன். ஏலக்காய் ஸ்டோர் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் மாதம் ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி குப்பை போடுகிறவர்களைப் பார்ப்போம். தெர்மோஸ்டாட் தவிர மூன்று பேர் உண்டு.

காற்று குறைவது முதலாவது. ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக வரும் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கலாம். வெடித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், மேட்டில் ஏறும்போது சீழ்க்கைபோலச் சத்தம் வரும், வண்டி இழுக்காது, பி 0299 வரலாம். டர்போ அள்ளிய காற்று வழியில் கசிய, டீசல் மட்டும் முழுதாக உள்ளே போவதால் கரி கொட்டும். டார்ச்சும் கண்ணும் போதும், கருவி வேண்டாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருந்தாலும் கணக்குத் தப்பும். அதைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான். துணி, பஞ்சு, கார்ப்பரேட்டர் ஸ்பிரே எதுவும் படக் கூடாது. உள்ளே இருப்பது முடிபோன்ற மெல்லிய கம்பி அல்லது தகடு.

இரண்டாவது ஈஜிஆர் வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாவதைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை. கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார்போல் இறுகி இதைச் சிக்கவைக்கும். திறந்தபடி சிக்கினால் காற்றுக்குப் பதில் புகையே உள்ளே போகும். கரும்புகை, உதறல், இழுக்காமை. மூடியபடி சிக்கினால் பி 0401 வரும், வண்டி ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அதைக் கழற்றாமலே சோதிக்கலாம். சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, காற்றின் அளவைப் பாருங்கள். உங்களுடைய 1.5 லிட்டர் இன்ஜின் 800 சுற்றில், ஈஜிஆர் மூடியிருந்தால், குமுளி உயரத்தில் நொடிக்கு 10 கிராமை ஒட்டிக் காற்று இழுக்கும். ஈஜிஆர் திறந்தால் அந்த இடத்தைப் புகை பிடித்துக்கொள்வதால் இது பாதிக்குப் பக்கத்தில் இறங்கும். கணினி வால்வைத் திறக்கச் சொல்லும் எண்ணும் இந்தக் காற்றின் எண்ணும் சேர்ந்து ஆடினால் வால்வு நன்றாக இருக்கிறது. கட்டளை மாறியும் காற்று மாறாவிட்டால் சிக்கியிருக்கிறது. கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெளியே கசிவும் இல்லாமல், சூடான இன்ஜினிலும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் ஈஜிஆர் கூலர் உள்ளே கசிகிறதா என்று பட்டறையில் காட்டுங்கள். விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளை ஆவி வேறு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

முன்பெல்லாம் ஈஜிஆர் வாய்க்குத் தகடு அடித்துக் கொடுத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் செய்தேன். அது தவறு என்று தெரிந்த பிறகு நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது இன்ஜெக்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி செய்யும் திருத்தத்தைச் செயலியில் பார்க்கலாம். மூன்று சிலிண்டர்கள் ஒன்றுபோல் இருக்க, ஒன்று மட்டும் தனியாக விலகி நின்றால் சந்தேகம் கொள்ளுங்கள். ஆனால் கை வைக்காதீர்கள். டீசல் பைப்பில் ஆயிரத்தைந்நூறு பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தம் இருக்கும். இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் வரும் ஊசிபோன்ற பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே இழந்தவர்கள் உண்டு.

இவற்றோடு இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஆயில் கம்பி. சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பின்போதும் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், மோந்துபார்த்தால் டீசல் வாடை அடித்தால், அந்த ஆயிலோடு வண்டியை வேகமாக ஓட்டாதீர்கள். மசகுத்தன்மை போயிருக்கும், மிக அதிகமானால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. முதலில் ஆயிலை மாற்றுங்கள். வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். உங்கள் கையேட்டில் ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்பதுபோல் குறித்திருப்பார்கள். கரி எரிந்துவிடும், ஆயிலின் சாம்பல் எரியாது. அது உள்ளேயே தங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 41,000 கிலோமீட்டரில் வடிகட்டி சாம்பலால் நிறைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் வடிகட்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வதற்கு அதுவே காரணம்.

வடிகட்டி விளக்கு மட்டும் எரியும் நிலையில் இருப்பவர்கள் ஓட்டியே சுத்தம் செய்துவிடலாம். குமுளிக்காரர்கள் இதில் ஒரு தவறு செய்கிறார்கள். டீசல் விலை குறைவு என்று கூடலூருக்கு இறங்கிப் போட்டுக்கொண்டு உடனே திரும்புகிறார்கள்; நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். மலையில் கியரில் இறங்கும்போது இன்ஜினுக்கு டீசலே போவதில்லை. புகைக்குழாயில் வெறும் குளிர்காற்றுதான் ஓடும். நடந்துகொண்டிருந்த எரிப்புகூட அந்த இறக்கத்தில் அணைந்துவிடும். பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைத் தாண்டி லோயர் கேம்ப் சமவெளியில் இறங்கிய பிறகுதான் உங்கள் கணக்கு தொடங்குகிறது. அங்கிருந்து கம்பம், உத்தமபாளையம் தாண்டிச் சின்னமனூர் வரை, புறவழிச்சாலைகளில், டேங்கில் பாதிக்கு மேல் டீசலோடு, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கியர் குறைத்து 2,000 சுற்றுக்கு மேல் இருக்குமாறு சீராக ஓட்டுங்கள். டீக்கடையில் நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்காதீர்கள். திரும்பும்போது மலையேற்றம் இருக்கிறதே, அது உங்களுக்குக் கிடைத்த வரம். மூன்றாம் கியரில், பாரத்தோடு ஏறும் அந்த ஆறேழு கிலோமீட்டரில் வடிகட்டி நன்றாகச் சுடும். மாதம் இரண்டு முறை இப்படி ஓடினால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓடும் வண்டியும் பிழைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் ஓர் எரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 100, 150க்குள் திரும்பத் திரும்ப வந்தால் குப்பை போடுகிறவன் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

அந்த ஓட்டம் முடிந்து வந்ததும் காய்ந்த சருகு, வைக்கோல், மிளகுக்கொடிக் குப்பை மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். தீப்பற்றிக்கொள்ளும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து சக்தியும் குறைந்துவிட்டது. இந்த நிலையில் ஓட்டிச் சுத்தம் செய்ய வழியில்லை. கணினி தானாக எரிப்பைத் தொடங்காது. அதைப் பட்டறை ஸ்கேனரில் கட்டளை கொடுத்துச் செய்ய வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் தெர்மோஸ்டாட், பிறகு ஆயில், அதன் பிறகே அந்தக் கட்டாய எரிப்பு. முடிந்த கையோடு ஆயிலைத் திரும்ப ஒரு முறை பார்த்துவிடுங்கள். டீசலில் ஊற்றினால் வடிகட்டி சுத்தமாகும் என்று விற்கும் பாட்டில்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். குளிர்ந்த இன்ஜினை எந்த மருந்தும் சூடாக்காது.

உங்கள் வண்டியில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்கான யூரியாக் கரைசல் ஊற்றும் இடம். ஆட்புளூ என்றும் டெஃப் என்றும் சொல்கிறார்கள். சுத்திகரித்த தண்ணீரில் 32.5 சதவீதம் யூரியா. பி 207 எஃப் வந்தால் கரைசலின் தரம், பி 20 ஈஈ வந்தால் அது வேலை செய்யும் திறன். தெளிப்பான் இருக்கும் இடத்தில் வெள்ளை உப்புபோல் பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டப் பகுதி என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். நம் நாட்டில் 2015 முதல் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும், உரத்திலும் கிணற்றுத் தண்ணீரிலும் உள்ள உப்புகளும் உள்ளே போய், புகைக்குழாயில் அந்தச் சுத்திகரிப்பைச் செய்யும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். மானிய உரத்தை இப்படித் திருப்புவது சட்டப்படியும் குற்றம்.

புகைச் சான்று வாங்கிவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். அங்கே புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறார்கள். பிஎஸ் 6 டீசலுக்கு எல்லை மீட்டருக்கு 0.7, பிஎஸ் 4க்கு 1.62. வடிகட்டி அடைத்த வண்டியில் புகையே வராது என்பதால் அது எளிதாகத் தேறிவிடும். ஆனால் பழைய சான்றுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். போன வருடம் 0.05 இருந்தது இந்த வருடம் 0.4 என்றால், தேறியிருந்தாலும் வடிகட்டியில் விரிசல் விழுந்திருக்கலாம். அப்போது அந்த வெள்ளைத் துணியை எடுங்கள்.

குடைந்து எடுக்கச் சொன்னவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் புகை விதிமீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக அறிவித்தது. உங்கள் வண்டி தினமும் இரண்டு முறை நிற்பது ஒரு பள்ளிக்கூட வாசலில். சைலன்சர் வாய்க்கு நம்மைவிடப் பக்கத்தில்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மூக்கு இருக்கிறது. பட்டறையில் இருபது வருடம் அந்தப் புகையைக் குடித்தவன் நான். காலையில் வரும் இருமலோடு இதை எழுதுகிறேன்.

நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று எண்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள்: தண்ணீர்ச் சூடு, புகைக்குழாய்ச் சூடு, அழுத்த வேறுபாடு. ஃப்ரீஸ் ஃபிரேம் படத்தையும், ஆயில் கம்பியில் அளவு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவரை அந்த வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம்.